சொந்தக் காரில் சஃபாரி பூங்கா: கிளம்புமுன் வண்டியில் பார்க்க வேண்டியவை

தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா எல்லாம் நீங்களே எடுத்து வைத்துவிடுவீர்கள். சஃபாரி பூங்காவில் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் கார்தான். கண்ணாடி அத்தனையும் ஏற்றிவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில், ஒன்றிரண்டு மணி நேரம் உருட்ட வேண்டும். அன்றாட ஓட்டத்தில் எந்த வண்டிக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் வண்டிப் பேச்சுதான்.

1. இந்த வண்டியில் போகலாமா?

துணிக்கூரை வண்டியைச் சிங்கம், புலி இருக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள். நாய், பூனைக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. வாடகைக் கார் என்றால் விலங்குகளால் வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கீறல், உடைசலுக்குப் பூங்கா பொறுப்பேற்காது என்பதைத்தான் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பழைய வண்டி, டெம்பரேச்சர் முள் அடிக்கடி ஏறும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பூங்காவின் பேருந்தில் ஏறிவிடுங்கள்.

2. கதவுப் பூட்டு

பலரும் கோட்டைவிடும் இடம் இது. “பூட்டிவிட்டேன்” என்றால் பூட்டியே இருக்கும் என்று நினைக்கிறோம். நிறைய ஆட்டோமேட்டிக் கார்களில் கியரை ‘பி’க்கு (பார்க்கிங்) தள்ளியதும் எல்லாக் கதவும் தாமாகவே திறந்துகொள்ளும். வேறு சிலவற்றில் இன்ஜினை அணைத்தால் திறக்கும். கடைத்தெருவில் இறங்க வசதியாகச் செய்து வைத்தது, புலிக்குப் பக்கத்தில் வேண்டாத வசதி.

வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது கதவுகளைப் பூட்டுங்கள். கியரை ‘பி’க்கு மாற்றுங்கள். ‘டக்’ என்று சத்தம் வருகிறதா? வராவிட்டால் இன்ஜினை அணைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் திரையில் வாகன அமைப்புகளுக்குள் கதவுப் பூட்டுப் பகுதிக்குப் போய் அந்தத் தானியங்கித் திறப்பை நிறுத்திவிடலாம். திரை இல்லாத வண்டிக்கு வழி கையேட்டில் இருக்கும். அந்தத் திறப்பை நிறுத்த வழியில்லாத வண்டியில், நிற்கும்போது ‘பி’ போடாமல் ‘டி’யிலேயே (டிரைவ்) பிரேக்கை மிதித்தபடி இருங்கள்.

இன்னொன்று. முன்கதவு பூட்டியிருந்தாலும் உள்கைப்பிடியை இழுத்தால் திறந்துவிடும் கார்கள் ஏராளம். பின்கதவில் சைல்டு லாக் போட்டால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. ஆகவே பிள்ளைகள் பின்னால்தான். “கொஞ்ச நேரம் மடியில் உட்காரட்டும்” என்று முன்சீட்டுக்கு அழைக்காதீர்கள். பின் ஜன்னல்களையும் ஓட்டுநர் பக்கத்துப் பொத்தானால் முடக்கிவிடுங்கள்.

இது அளவுக்கு மீறிய எச்சரிக்கையாகத் தோன்றினால், 2016-இல் பெய்ஜிங்கின் பாடாலிங் வனவிலங்குப் பூங்காவில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். புலிப் பகுதியில் காரைவிட்டு இறங்கிய பெண்ணைப் புலி இழுத்துச் சென்றது. அவர் பிழைத்தார், காப்பாற்ற இறங்கி ஓடிய அவருடைய தாய் உயிரிழந்தார்.

3. இன்ஜின் சூடு

வேகமாகப் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாக வரும். ஊர்ந்து போனால் மின்விசிறி மட்டும்தான் துணை. ஏ.சி. ஓடினால், சூட்டை வெளியே தள்ளும் அதன் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து சூட்டைக் கூட்டும். முந்தின நாள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அதன் தொட்டியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏ.சி. போட்டு, வண்டியை நிறுத்தியபடியே 20 நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கராஜுக்குள் அல்ல, திறந்த வெளியில். முள் நடுவிலேயே நின்றால் போதும்.

உள்ளே போனபின் முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை அணையுங்கள். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டிலும் விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்துவிடும். பிள்ளைகள் அலறுவார்கள், அலறட்டும். கண்ணாடியை மட்டும் இறக்காதீர்கள். அடுத்த வாயிலைத் தாண்டியபின் நிறுத்திக்கொள்ளலாம். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் அதே இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அணைத்த கையோடு பூட்டுப் பொத்தானை அழுத்துங்கள் (இரண்டாம் படி ஞாபகம் இருக்கிறதல்லவா?). நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, நுழைவில் தந்த எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை உள்ளே நுழையுமுன்பே போனில் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

4. குரங்குப் பகுதி

வைப்பர் ரப்பர், ஏரியல், கண்ணாடி ஓர ரப்பர், நம்பர் பிளேட், இப்படி பிடுங்க முடிந்தது எதுவும் மிஞ்சாது. ஏரியலைக் கழற்றி உள்ளே வையுங்கள். பின்னால் பார்க்க உதவும் பக்கக் கண்ணாடிகளை அந்தப் பகுதிக்குள் நுழையுமுன் மடக்குங்கள். கூரைப் பெட்டியோடு போகவே கூடாது. பபூன் என்ற பெரிய குரங்குகளுக்குப் பூட்டைத் திறக்கும் பொறுமை உண்டு. குரங்கு பானட்டில் ஏறிவிட்டால் சட்டென்று நகர்த்தாமல் மெல்ல உருட்டுங்கள், தானே இறங்கும். புது வண்டி என்று மனசு அடித்துக்கொண்டால், குரங்குகளைத் தவிர்க்கும் மாற்றுப்பாதை இருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள். சில பூங்காக்களில் உண்டு.

5. உள்ளே

காலையில் பூங்கா திறந்ததும் நுழைவதே நல்லது. சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் படுத்தே கிடக்கும்; உச்சி வெயிலில் போனால் நிழலில் ஒரு வாலைத்தான் பார்ப்பீர்கள். நுழையுமுன் எல்லோரும் கழிப்பறை போய்வர வேண்டும், “எனக்கு வரலை” என்பவரும் சேர்த்து.

முன்னால் நிற்கும் காருக்கு ஒரு கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். விலங்கு நெருங்கினால் ஒதுங்கிப் போக இடம் வேண்டும்.

ஐந்து பேர் மூச்சில் கண்ணாடி மங்கிவிடும். ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியிலிருந்து வெளிக்காற்றுக்கு மாற்றினால் சீக்கிரம் தெளியும். வாடையும் கூடவே வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

6. படம் எடுக்க

கண்ணாடியின் உள்பக்கத்தை முந்தின நாளே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். கேமராவுக்கு, லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் வாங்குங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டாம், பக்க ஜன்னல் கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) என்பதால் படத்தில் வானவில் திட்டுகள் விழும். பைனாகுலரும் தண்டச் சுமை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

7. தீனி கொடுக்கும் பகுதி

அனுமதி உள்ள இடத்தில், பூங்காவே தரும் தீனியை மட்டும் கொடுங்கள். கண்ணாடியைக் கால் பங்குக்கு மேல் இறக்காதீர்கள். மான் அமைதி, வரிக்குதிரை கடிக்கும். ஒட்டகமோ ஒட்டகச்சிவிங்கியோ தலையை உள்ளே விட்டுவிட்டால் பதறிக் கண்ணாடியை ஏற்றக் கூடாது, கழுத்து மாட்டிக்கொள்ளும். தீனியை வெளியே போடுங்கள், தலையும் பின்னாலேயே போகும்.

பின்சேர்ப்பு: நிற்கும்போது இன்ஜின் தானே அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். அதை நுழைவிலேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏ.சி.யின் குளிர்ச்சி போய்விடும். ஆட்டோ ஹோல்டில் (கால் எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) வெகுநேரம் நின்றால் சில வண்டிகள் பார்க்கிங் பிரேக்கைத் தாமே போட்டுக்கொள்ளும். பழுது என்று இறங்கிப் பார்க்காதீர்கள்.

வெளியே வந்ததும் ஒரு சுற்று சுற்றி நம்பர் பிளேட்டையும் வைப்பரையும் எண்ணிப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், மாலையில் ஊழியர்கள் பொறுக்கிய குவியலில் உங்களுடையதும் கிடக்கலாம்.