உப்புக்காற்று வீசும் கரையில் வீட்டுக்கு மரத்தளம் அமைத்தல்

வீட்டை ஒட்டி, கடலைப் பார்த்து மாலையில் நாலு பேர் உட்கார ஒரு திறந்த மரத்தளம் வேண்டும் என்ற ஆசை இராமநாதபுரக் கரையில் வீடு கட்டுகிறவர்கள் பலருக்கு இருக்கிறது. கட்டடக்காரர்கள் இதை டெக் என்கிறார்கள். பெரும்பாலானோர் பலகையின் நிறத்தையும் வழவழப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். இந்தக் கரையில் அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது. முதலில் காற்று, அடுத்து அடித்தளம், அதற்கடுத்துத் திருகாணி, அப்புறம்தான் பலகை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை எழுந்தால் நிலைமை தலைகீழாகும். ஆகவே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்தில் தென்மேற்கு மூலையில் தளம் அமைத்தால், ஆனி ஆடியில் மணலும் உப்புச் சாரலும் முகத்தில் அறைய அங்கே உட்காரவே முடியாது. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் அமைத்தால் வீடே காற்றைத் தடுக்கும், பிற்பகல் வெயிலும் விழாது. கடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தேவிபட்டினம், தொண்டி பக்கம் பிரச்சினை மழை. வாடையோடு வரும் மழை கிடையாக அடித்து வாசலுக்குள் புகும் என்பதால், தளத்தின் மேல்மட்டம் வாசற்படியைவிட இரண்டு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தில் கடல்நீர் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை உள்ள நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வருவது. வீட்டு வரைபடத்தைக் கொடுக்கும்போதே தளத்தையும் அதில் காட்டிவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அலைச்சல்தான்.

அடித்தளத்துக்கு வருவோம். தளத்தின் உத்திரத்தை வீட்டுச் சுவரில் போல்ட் போட்டுத் தொங்கவிடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்தப் போல்ட் துளைகள் வழியே உப்பும் ஈரமும் சுவருக்குள் இறங்கும். தளம் தன் சொந்தத் தூண்களில், சுவரிலிருந்து ஓர் அங்குலம் விலகித் தனியாக நிற்பதே நல்லது. தூண்களுக்கான குழி அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. சரிந்துகொண்டே இருக்கும் வெறும் மணலாக இருந்தால் கெட்டியான மண் வரும்வரை தோண்டி, அடியில் அகலமாகக் கான்கிரீட் போட வேண்டும். கடலோரக் காற்றுக்கு ஆட்படும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 தரக் கலவையையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கையும் கேட்கிறது. கொத்தனார்கள் பழக்கத்தில் ஓர் அங்குலம் விடுவார்கள். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அண்டை கொடுக்கும் மூடாக்குக் கட்டைகளை நீங்களே எண்ணிப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலும் உவர்க் கிணற்று நீரும் கலவைக்குள் போகவே கூடாது. தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து உவர்நீரில் கலந்தால், உப்பு வெளியிலிருந்து வரக்கூட வேண்டாம், உள்ளிருந்தே கம்பியைத் தின்னத் தொடங்கிவிடும்.

இனி, பலரும் கடைக்காரர் கையில் விட்டுவிடும் திருகாணி. மண்டபம் பக்கத்து வீடுகளில் ஒரு பழைய மரப் பெஞ்சைக் குனிந்து பாருங்கள். பலகை நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் காசு அகலத்துக்கு மரம் கறுத்து, அதன் கீழே பழுப்புக் கோடு வழிந்திருக்கும். அந்தக் கறுத்த இடத்தை நகத்தால் கீறினால் மரம் மாவாக உதிரும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து செய்கிற வேலை இது. துத்தநாகம் லேசாகப் பூசிய சாதாரண ஆணி இங்கே வெகுநாள் தாங்காது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுகூடக் கடலோரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும்; மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் இந்த உப்பைத் தாங்குவது. காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. தரமான போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316, ஏ2 என்றிருந்தால் 304. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தளத்துக்குத் தேவைப்படுவது சில கிலோ மட்டுமே. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டதற்குக் காரணமும் இதே உப்புக்காற்றுதான்.

பலகைக்குத் தேக்கும் வேங்கையும் நம்பிக்கையானவை. எந்த மரமானாலும் நடுவயிரமாக இருக்க வேண்டும். ஓரத்து வெளிர்ப் பகுதியைக் கறையான் விடாது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் வைரம் பாய்ந்த பனை வாரைகள் குறுக்குச் சட்டத்துக்கு அருமையானவை. ஆனால் இதற்காக நிற்கிற பனையை வெட்ட நினைக்க வேண்டாம். அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஓர் அங்குலக் கனமுள்ள பலகைக்குக் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் போதும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் விடுங்கள். காற்று கொண்டுவரும் மணல் அந்தச் சந்து வழியே கீழே விழ வேண்டும், இல்லையேல் ஈரத்தோடு அங்கேயே தங்கி மரத்தை அரிக்கும். வார்னிஷ் பளபளப்பு இந்த வெயிலில் தோலாக உரிந்துவிடும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சை ஆண்டுதோறும் மழைக்கு முன் பூசுவதே சரி. வல்லத்துக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். படகுக்கு அது சரி, ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும், குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு ஆகாது.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கறையான் அரிப்பது அரிது, பூச்சும் கேட்காது. ஆனால் அடர்நிறமாக எடுத்தால் சித்திரை மதியத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. வெயிலில் நீளவும் செய்யும் என்பதால் முனைகளில் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் கட்டாயம் விட வேண்டும். மரத்தைவிட வளையும் தன்மை கூடுதலாதலால் சட்டங்கள் 12 அங்குலத்துக்கு ஒன்றாக வர வேண்டும்.

அலைச் சாரலே வந்து படும் தூரத்தில் வீடு இருந்தால் என் யோசனை வேறு: மரமே வேண்டாம். சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் பலகைகளைச் செங்கல் மேடைமேல் பரப்பிவிடுங்கள். அதை உப்பு ஒன்றும் செய்யாது. பழைய வீடுகளில் பார்த்துவிட்டு முருகைக்கல், அதாவது பவளக்கல், கேட்கிறவர்கள் உண்டு. பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; எடுப்பதும் விற்பதும் குற்றம்.

கூரை வேண்டுமென்றால் தகரத்தை நாலு குழாயில் நிறுத்துவது ஆபத்து. புயற்காற்று அதை அடியிலிருந்து தூக்கும், அதனால் கூரைத் தூண் அடித்தளக் கான்கிரீட்டோடு பிணைந்திருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் கழற்றி வைக்கக்கூடிய கீற்றுப் பந்தல் செலவும் குறைவு, நிழலும் குளிர்ச்சி. தளம் இரண்டடிக்கு மேல் உயர்ந்தால் கைப்பிடி அவசியம். அதன் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையாதபடி நான்கு அங்குலத்துக்குள் இடைவெளி இருக்கட்டும். விளக்குகள் தாழ்வாக, மஞ்சள் ஒளியில், வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன, கடலை நோக்கிய வெளிச்சம் குஞ்சுகளைத் திசை திருப்பிவிடும். ஓரத்தில் ஒரு நன்னீர்க் குழாய் வையுங்கள். கால் கழுவ மட்டுமல்ல, கச்சான் ஓய்ந்ததும் ஆணித் தலைகளிலும் கைப்பிடியிலும் படிந்த உப்பைக் கழுவிவிடவும் அது வேண்டும்.

தச்சருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தளத்தின்மேல் நாலு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாசல் பக்கம் ஒரு சொட்டும் திரும்பக் கூடாது, அரை மணி நேரத்துக்குப் பிறகு எந்தப் பலகையிலும் நீர் தேங்கி நிற்கக் கூடாது. நின்றால் அந்தப் பலகையை அன்றே கழற்றி மட்டம் பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள்.