கேஸ் ஷீட்டிலிருந்து கணினிக்கு

மருத்துவப் பதிவு அறையில் வேலை பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். உங்கள் சின்ன ஆஸ்பத்திரியைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், மென்பொருள் டெமோ பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஓபி சீட்டின் பின்னாலேயே நடந்து பாருங்கள். ஒரே விவரத்தை யார் யார் திரும்ப எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மாற்றத்தைப் பதிவு கவுன்ட்டரில் தொடங்குங்கள். ஒருவருக்கு இரண்டு எண் விழுந்தால் பழைய லேப் ரிசல்ட் டாக்டர் கண்ணுக்கே வராது. எஸ். முருகன், முருகன் எஸ்., சு. முருகன் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். புது எண் போடும் முன் கைபேசி எண், வயது, அப்பா அல்லது கணவர் பெயர் வைத்துத் தேடச் சொல்லுங்கள். அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கான ஆபாவின் 14 இலக்க எண் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாதவரைத் திருப்பி அனுப்பவே கூடாது, அது கட்டாயமில்லை.

பணம் குறைவென்றால், ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் மீது கட்டப்பட்ட பாம்னி என்ற ஆஸ்பத்திரி மென்பொருளைப் பாருங்கள். மென்பொருள் இலவசம், சர்வருக்கும் பேக்கப்புக்கும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் செலவு உண்டு.

அப்புறம், அலர்ஜிக்குத் தனிக் கட்டம் கேட்டு வாங்குங்கள். பென்சிலின் ஒவ்வாமையைக் குறிப்போடு குறிப்பாகத் தட்டிவைத்தால், மருந்து எழுதும்போது எச்சரிக்கை எழாது. ‘அலர்ஜி இல்லை’, ‘இன்னும் கேட்கவில்லை’ இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், உயிர் விஷயம்.

கரன்ட் போகும் நாளுக்கு அச்சடித்த வெற்றுப் படிவங்களை வார்டிலேயே வையுங்கள். அவற்றைப் பிறகு கணினியில் ஏற்றுவது யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்.