புது வெப்சைட் போட்டதும் கூகுளில் கடை காணாமல் போவது ஏன்?

கோவைப் பக்கம் வெட் கிரைண்டர் விற்கும் கடைக்காரர் ஒருவர் பழைய வெப்சைட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் சில வாரங்களில் கூகுளில் பார்த்துவிட்டு விலை கேட்கும் போன்கள் அடியோடு நின்றுவிட்டன. "இனி விளம்பரத்துக்குக் காசு கட்டினால்தான் ஆச்சு" என்று அவர் வருத்தப்பட்டபோதுதான் தளத்தை எனக்குத் திறந்து காட்டினார். காரணம் ஒரே ஒரு டிக்.

வெப்சைட் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்று ஒரு பக்கம். அதன் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் சின்னக் கட்டம் இருக்கிறது. தளம் தயாராகும்வரை அதை டிக் செய்து வைப்பது வழக்கம். திறக்கும் நாளில் எடுக்க மறந்தால், ஒவ்வொரு பக்கமும் 'நோஇண்டெக்ஸ்', அதாவது 'என்னைத் தேடலில் சேர்க்காதே' என்று கூகுளிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு எதைச் சரிசெய்வதற்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

தேடுபொறிகள் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) தடுத்தாலும் இதே பலன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே வந்து படிக்காதே என்று மட்டும்தான் அந்தக் கோப்பு சொல்கிறது. வேறு தளங்களில் லிங்க் இருந்தால் பக்கத்தின் முகவரி தேடலில் வந்துவிடலாம். ஒரு பக்கத்தை மறைக்க நோஇண்டெக்ஸ் போட்டு, ரோபாட்ஸிலும் தடுத்துவிட்டால், கூகுளால் உள்ளே வர முடியாது. அந்த நோஇண்டெக்ஸ் அதன் கண்ணிலேயே படாது.

அடுத்தது பழைய முகவரிகள். எனக்கு மனசு அடித்துக்கொள்வது இதில்தான், ஏனென்றால் வருஷக்கணக்கில் சேர்த்த பேர் ஒரே நாளில் போகிறது. இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டருக்கு இருந்த பழைய பக்கத்தை யாரோ தங்கள் தளத்தில் லிங்க் செய்திருப்பார்கள். புதுத் தளத்தில் அந்த முகவரி இல்லையென்றால், 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404தான். பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதே பொருளின் புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்யும்படி தளம் செய்பவரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம்; கூகுள் அவற்றைப் பெரும்பாலும் 404 போலவே எடுத்துக்கொள்ளும். இந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் போட்டோ. கேமராவில் எடுத்த 6 எம்பி படத்தை அப்படியே முகப்பில் போட்டுவிடுகிறார்கள். அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வேகம் கூடும் என்று நினைத்து எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (கீழே நகர்த்தி அந்த இடம் வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) போடுவதும் தப்பு. திறந்தவுடன் தெரியும் முதல் படத்துக்கு அது தாமதத்தைத்தான் கொண்டுவரும்.

விலை, அளவு, வாரண்டி விவரங்களை மொபைலில் மறைத்துவிட்டு கம்ப்யூட்டரில் மட்டும் காட்டாதீர்கள். கூகுள் கணக்கில் எடுப்பது மொபைல் பக்கத்தைத்தான். மற்றபடி வேகச் சோதனையில் 100 மதிப்பெண் வாங்க மெனக்கெட வேண்டியதில்லை.

தளத்துக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். அதன் மேலே உள்ள பெட்டியில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டால், கூகுள் அதைச் சேர்த்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லிவிடும். கிரைண்டர் கடையின் முகப்பு முகவரியைப் போட்டபோது வந்த பதிலில் 'நோஇண்டெக்ஸ்' என்ற சொல் அப்படியே இருந்தது.