பிரெஞ்சு தற்காப்பில் முடங்கிய பிஷப்புக்கு வழி

கோலாலம்பூர் வார இறுதிச் சதுரங்கப் போட்டிகளில், கறுப்புக் காய்களுடன் ஆடும்போது எதிராளி இ4 என்று தொடங்கினால் நான் இ6 என்றே பதிலளிப்பேன் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; காயின் பெயர் இல்லையென்றால் அது சிப்பாயின் நகர்வு). 1834இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே தொடங்கிய அஞ்சல்வழிப் போட்டியில் பாரிஸ் அணி ஆடியதால் பெயர்பெற்ற பிரெஞ்சு தற்காப்பு உறுதியானதுதான். ஆனால் அவர் டி4, நான் டி5, அவர் இ5 என்று ஆட்டம் நகர்ந்தால், சி8 கட்டத்திலுள்ள என் பிஷப் (மூலைவிட்டமாக மட்டும் நகரும் காய்) சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால், பூட்டிய கடைக்குள் மாட்டிய பூனையைப் போல முடங்கிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில், தே தாரிக் ஆறிப்போகும்வரை நண்பருடன் காய்களை நகர்த்திப் பார்த்தபோது தீர்வு புலப்பட்டது. நம் சி5, வெள்ளையின் சி3 நகர்வுகளுக்குப் பின் அரசியை பி6இல் நிறுத்தி, வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்ததும் பிஷப்பை டி7க்கு நகர்த்த வேண்டும். வெள்ளை பிஷப் இ2க்கு வந்தால் நம்முடையது பி5இல் போய் நின்று, மாற்றிக்கொள்ள அழைக்கும். வெள்ளை அங்கே வெட்டினால், அரசியால் திருப்பி வெட்டுகிறோம். வெள்ளை அரசன் கடக்க வேண்டிய எஃப்1 கட்டத்தை அவள் குறிவைப்பதால் எதிராளி உடனே கோட்டை கட்ட (அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்ற) முடியாது. (அப்போது அவர் முகத்தைப் பார்ப்பது தனிச் சுகம்.)

கவனம் தேவைப்படுவது, வெள்ளை சி4 என்று தள்ளும்போதுதான். பிஷப்பால் அச்சிப்பாயை வெட்டலாம். வெள்ளை பிஷப் நம் பிஷப்பை வெட்டியதும், டி5 சிப்பாயால் அவசரமாகத் திருப்பி வெட்டினால் வெள்ளை டி5 என்று நடுவைத் திறந்துவிடும். ஆகவே முதலில் பி4இல் அரசியால் செக் வைக்க வேண்டும். அதைத் தடுக்கக் குதிரை டி2க்கு வந்தால் வெள்ளை அரசியின் பாதை மறைகிறது, அதன்பின் நிதானமாக வெட்டலாம்.

அண்மைய போட்டியில் எதிராளி மாற்றிக்கொள்ளவே சம்மதித்தார். டி4, இ5 சிப்பாய்களுக்குப் பின்னால் இம்முறை முடங்கியது அவருடைய கறுப்புக் கட்ட பிஷப்தான்.