கனடா புகையைக் காரைக்குடியிலிருந்து பார்ப்பது எப்படி

மகள் இருப்பது டொரண்டோவில். அங்கே கோடை வந்துவிட்டால், "அப்பச்சி, நாளைக்குப் புகை வருமா? பிள்ளையை வெளியே விடலாமா?" என்று இங்கே காரைக்குடிக்குப் போன் போட்டுக் கேட்பாள். காடு எரிவது ஒரு மாகாணத்தில், இருமல் வருவது இன்னொரு மாகாணத்தில் என்பது அந்த ஊர் வழக்கமாகிவிட்டது. புகை எங்கே நிற்கிறது என்று நாமே பார்க்கலாம், காசு கிடையாது.

செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ (Worldview) தளத்தைத் திறங்கள். செல்போனிலும் வரும், ஆனால் கணினித் திரைதான் கண்ணுக்குத் தோது. எடுத்த எடுப்பில் இன்றைய படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். விடை தெரிந்த நாளில் பழகுங்கள். 2023 ஜூன் 7 என்று தேதி போட்டு, வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போங்கள். கனடாவின் க்யூபெக் மாகாணத்துக் காட்டுப் புகையால் நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமான நாள் அது.

முதல் வேலை, மேகத்தையும் புகையையும் பிரிப்பது. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேகம் பளீரென்று வெள்ளையாக இருக்கும், மேடு பள்ளம் தெரியும், பக்கத்தில் நிழல் விழும். புகை சாம்பல் நிறம், சில இடத்தில் பழுப்பு, மெலிந்த இடத்தில் லேசான நீலம். மேடு பள்ளமில்லாமல் தேய்த்துவிட்டாற்போல இருக்கும், அடியில் ஏரியும் ஆறும் மங்கலாகத் தெரியும். பெரிதாக்கிப் பின்னோக்கிப் போனால், விரிந்து கிடப்பது குறுகிக் குறுகி ஓரிடத்தில் போய் முடியும். தீ அங்கே.

இன்னும் சந்தேகம் இருந்தால் 7-2-1 என்ற நிறச்சேர்க்கைக்கு (செயற்கைக்கோளின் 7, 2, 1 ஆகிய அலைவரிசைகளை நிறமாக்கிக் காட்டுவது) மாற்றுங்கள். அதிலுள்ள அகச்சிவப்பு அலைகள் மெல்லிய புகையை ஊடுருவிவிடும். மேகம் அப்படியே நிற்கும், புகை பெருமளவு காணாமல் போகும். எனக்குப் பிடித்த சோதனை இது.

அப்புறம், செயற்கைக்கோள் வெப்பத்தை வைத்துத் தீ என்று குறிக்கும் தீப்புள்ளிகளைப் படத்தின் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் (VIIRS) கருவியின் புள்ளி ஒன்று ஏறக்குறைய 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். அவ்வளவு இடமும் எரிகிறது என்று அர்த்தமில்லை. மேலே கனத்த மேகம் இருந்தால் புள்ளியே விழாது, அதனால் புள்ளி இல்லை என்பதற்காகத் தீ அணைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஒரே படத்தை வைத்துத் திசை சொல்லாதீர்கள். டெரா செயற்கைக்கோள் முற்பகலில் கடக்கும், நோவா-20 (NOAA-20) செயற்கைக்கோள் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டிக் கடக்கும். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் புகையின் ஓரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று புரியும். பிறகு, காற்று ஓடும் திசையை வரைபடமாகக் காட்டும் நல்ஸ்கூல் (nullschool) தளத்தில் காற்றைப் பாருங்கள். அங்கே உயரத்தைக் காற்றழுத்த அளவால் சொல்வார்கள். 850 ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம், 700 என்றால் மூன்று கிலோமீட்டர். எந்த உயரத்துக் காற்று புகையின் போக்கோடு ஒத்துப்போகிறதோ, புகை பெரும்பாலும் அந்த உயரத்தில். அந்த 2023 ஜூனில் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நின்றது. வட கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். அதனால் அதன் மேற்குப் பக்கத்தில் வடக்கேயிருந்து வந்த காற்று, புகையை நேரே தெற்கே இறக்கிவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகும், புகை மூக்கு உயரத்தில் இருக்கிறதா என்று படம் சொல்லாது. நம் வீடுகளில் இரண்டாங்கட்டில் விறகடுப்பு எரிந்தால் முற்றத்துக்கு மேலே புகை தெரியும், முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. அதே கதைதான். செயற்கைக்கோள் பார்ப்பது மேலேயிருந்து. ஆகவே தரைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கனடா அரசின் காற்றுத் தர நலக் குறியீட்டில் (AQHI) 7-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து அதிகம் என்று பொருள். படத்தில் கனத்த புகை, குறியீடு 2 என்றால் நான் குறியீட்டைத்தான் நம்புவேன், ஆனால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். மேலே இருப்பது கீழே இறங்கலாம்.

நேரமும் நமக்குச் சாதகம். அங்கே பிற்பகல் என்றால் இங்கே நடுஇரவு. படம் தளத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும், காலைக் காபி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே பழக வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பஞ்சாப், ஹரியானா பக்கம் பாருங்கள், வைக்கோல் எரிக்கும் புகை கங்கைச் சமவெளி முழுக்கக் கிடக்கும். கோடைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையில் பற்றும் தீ பெரும்பாலும் சிறியது. புள்ளி தெரிந்தாலும் புகை தெரியாமல் போகலாம்.