எச்சில் சுரப்பியில் கல்: ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது, ஓரிரு மணி நேரத்தில் தானாக வற்றிவிடுகிறது, அடுத்த வேளை சாப்பிடும்போது திரும்பவும் வீங்குகிறது என்றால் எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருக்கலாம். 100-ல் 80 பேருக்கு மேல் இது தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியில்தான் வரும். அங்கே ஊறும் எச்சில் கெட்டியானது, குழாயும் நீளமாக மேல்நோக்கி ஏறுகிறது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். சிகிச்சையே அதை வைத்துத்தான். அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியாவிட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள்; சாதாரண எக்ஸ்ரேயில் எல்லாக் கல்லும் தெரிவதில்லை.

2, 3 மில்லிமீட்டர் கல் என்றால் கத்தி தேவைப்படாமலே போகலாம். நிறையத் தண்ணீர் குடித்து, புளிப்பு மிட்டாய் சப்பி, சூடான ஒத்தடம் கொடுத்து, சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிட்டால் சில சமயம் தானே வெளியே வந்துவிடும். காய்ச்சலும் சீழும் இருந்தால் பெரும்பாலும் முதலில் ஆன்டிபயாடிக், அப்புறம்தான் கல்.

நாக்குக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும் கல்லை வாய்க்குள்ளேயே கீறி எடுக்கலாம், பல சமயம் மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும். கல் பின்னால் நழுவிச் சுரப்பிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அதற்குப் பின்னால் குழாயைச் சுற்றி ஒரு நூலைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, நேராகக் கல்லின் மேலேயே கீறுவார்கள். குழாய் சுருங்கி அடைத்துவிடாமலிருக்க அந்தக் கீறலை இறுக்கித் தைக்காமல் விட்டுவிடுவதும் உண்டு, அதனால் தையல் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கல் உள்ளே தள்ளி இருந்தால் 1 மில்லிமீட்டர் அளவுள்ள எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் விட்டு, 4 மில்லிமீட்டர் வரையுள்ள கல்லைச் சின்னக் கம்பிக்கூடையில் பிடித்து இழுக்கலாம். அதைவிடப் பெரியதை லேசரால் உடைக்க வேண்டியிருக்கும்.

சுரப்பியையே எடுப்பது கடைசி வழிதான். கழுத்தில் கீறிச் செய்வது அது. கீழுதட்டை அசைக்கும் நரம்பு, நாக்கின் உணர்ச்சி நரம்பு எல்லாம் பக்கத்திலேயே ஓடுகின்றன. எடுத்த எடுப்பிலேயே சுரப்பியை எடுக்கலாம் என்று சொன்னால், வாய்வழியாகவோ எண்டோஸ்கோப்பாலோ ஏன் முடியாது என்று தயங்காமல் கேளுங்கள், எண்டோஸ்கோப்பி செய்யும் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் வாங்குங்கள். சுரப்பி கெட்டிப்பட்டுத் திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது என்றால், சரி, எடுப்பதுதான் நல்லது. மற்றச் சுரப்பிகள் இருப்பதால் பெரும்பாலும் வாய் வறண்டு போகாது.

கல்லை மட்டும் எடுத்தவர்கள் சில நாள் மென்மையான உணவு சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, மருத்துவர் சொன்ன பிறகு நீவிவிடுங்கள். நாக்கு ஓரம் மரத்திருந்தால் சொல்லிவிடுங்கள். நாக்குக்கு அடியில் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.