பழைய கார் மிதித்தால் திணறுகிறதா? எதையும் மாற்றுவதற்கு முன் இப்படிப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி உடனே இழுக்காமல் ஒரு நொடி திணறி, அப்புறம் வெடுக்கென்று பாய்கிறதா? பலரும் நேராகப் போய் புது பிளக், புது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), முடிந்தால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) என்று வரிசையாக வாங்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எப்போது திணறுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு பேப்பரில் எழுதுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் என்றால், அப்போது காற்றைக் குறைத்துக் கொடுக்கும் சோக்கைப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு மட்டும் என்றால் காயில் மேல் சந்தேகம் வரலாம், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவதும் உண்டு. மிதித்த அந்தக் கணத்தில் மட்டும் என்றால் கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப். மேடு ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும் என்றால் பெட்ரோல் போதாமல் இருக்கலாம், அல்லது ஸ்பார்க் பலவீனமாக இருக்கலாம்.

சரி, இனி பானெட்டைத் திறக்கலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே த்ராட்டில் லிவரை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் நெம்புகோல்) கையால் திருப்புங்கள். லிவர் அசைந்த அதே நொடியில் சின்னக் குழாயிலிருந்து பெட்ரோல் கம்பி மாதிரி பீய்ச்சி அடிக்க வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கும் அல்லது துளை அடைத்திருக்கும். த்ராட்டில் திறந்ததும் காற்று குபீரென்று உள்ளே போய்விடும், பெட்ரோல் அந்த வேகத்துக்கு வராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பம்ப். எஸ்.யூ வகை கார்புரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது. அதற்குப் பதில் மேலே உள்ள டாம்பரில் (உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழாமல் பிடித்து நிறுத்தும் பகுதி) எண்ணெய் இருக்கும், அது குறைந்தாலும் இதே திணறல்தான்.

அடுத்து காற்று கசிவு. எஞ்சினை ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும் நிலையில்) விட்டு, இன்டேக் மானிஃபோல்டிலிருந்து (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் இறுக்கிப் பிடியுங்கள். எதை இறுக்கும்போது ஐடிலிங் சட்டென்று மாறுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். பழைய ரப்பர் பார்க்க நன்றாக இருந்தாலும் வளைத்தால் வெடிப்பு தெரியும். கார்ப் கிளீனரை ஸ்பிரே அடித்துத் தேடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், புதியவர்களுக்கு வேண்டாம்.

இனி ஸ்பார்க். பிளக்குகளைக் கழற்றி எந்த சிலிண்டருடையது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது, கரிபடிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம். நாலில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு அந்த சிலிண்டரின் வயரையும் பிளக்கையும் பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், உள்பக்கம் மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடினால் மூடியை மாற்றியே ஆக வேண்டும். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள்) வைத்த வண்டி என்றால் ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அவை முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி பாருங்கள். பல வண்டிகளில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி.

பலரும் தொடாமல் விடுவது வேக்யூம் அட்வான்ஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்கூட்டியே வரவைக்கும் அமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, அதற்கு வரும் மெல்லிய ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே பாயிண்ட் இருக்கும் தட்டு லேசாகத் திரும்ப வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று சுலபமாக வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் போய்விட்டது.

இவையெல்லாம் சரியாக இருந்து, மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். புது ஃபில்டரிலும் கொஞ்ச நாளிலேயே செந்நிறத் துருப்பொடி சேர்ந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, அதை இறக்கிக் கழுவ வேண்டும்.